சாந்தம் அண்ணனின் கோபம்

எங்கள் சபையில் என் கணவருக்குப் பெயர் சாந்தம் அண்ணன். முதலில் யார் அப்படிக் கூப்பிட்டார்களோ தெரியாது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் சாந்தம் அண்ணன் என்பதால் நான் சாந்தம் அண்ணி. என் சொந்தப் பெயரைக் கேட்டால் சபையில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

பெயருக்குக் காரணம், கர்த்தர் தன்னை எப்படி மாற்றினார் என்று அவர் சபை முன்னால் சொல்லும் சாட்சி. பஸ் ஓட்டுகிற மனுஷன். ஒரு காலத்தில் எவனாவது குறுக்கே வந்தால் பயணிகளோடு வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிப்பார். வீட்டில் சாப்பாட்டில் உப்பு குறைந்தால் தட்டு பறக்கும், தட்டுக்குப் பிறகு கை. ஒரு ஜெபக் கூட்டத்தில் முழங்கால் போட்டு, குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். அன்றிலிருந்து என் மேல் அவர் கை பட்டதில்லை. இதை நான் யார் முன்னாலும் சொல்வேன், இதில் பொய் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தச் சாட்சியை அவர் சொல்லும் விதம் இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆகாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அதோ உக்காந்திருக்காளே, அவளை நான் அடிக்காத நாளே கிடையாது" என்று ஆரம்பிப்பார். மொத்தச் சபையும் திரும்பி என்னைப் பார்க்கும். எங்கள் சபை போதாதென்று பக்கத்து சபை, பக்கத்து ஊர் சபை என்று கூப்பிட்டார்கள். முன்பின் தெரியாத ஜனங்களெல்லாம் நான் அடி வாங்கியவள் என்று தெரிந்துகொண்டார்கள். கடைசியில் "கர்த்தர் என்னை மன்னிச்சிட்டாரு" என்று முடிப்பார், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அடி வாங்கியது நான், மன்னித்தது கர்த்தர். நடுவில் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்கிற வரி வரும்போதெல்லாம் எனக்குச் சரியாக இருமல் வந்துவிடும்.

நானும் ஒன்றும் புண்ணியவதி இல்லை. ஆரம்பத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்துகொள்வேன், முந்தானையால் கண் ஓரத்தை ஒற்றிக்கொள்வேன். கூட்டம் முடிந்து பெண்கள் வந்து என் கையைப் பிடித்து, உன் பொறுமைதான் அந்த ஆளை மாற்றியது என்று சொன்னால் உள்ளுக்குள் குளிரும். பொறுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. போக்கிடம் இல்லாமல் இருந்தேன் என்று அவர்களிடம் சொல்லவா முடியும்.

போகப் போகத்தான் சங்கடம் புரிந்தது. கோபம் போய்விட்டது என்று ஊரறிய மைக்கில் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகும் மனுஷனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்? வந்தால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இவர் அதை வாய்க்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார். கோபம் வந்தால் பேசமாட்டார். கேட்டால் பதில் வராது, பார்த்தால் பார்வை என்னைத் தாண்டிச் சுவரில் போய் விழும். நாள் கணக்கில் நடக்கும், சில சமயம் வாரக் கணக்கில். எங்கள் மகள்தான் தபால்காரி. "அம்மா, அப்பா நாளைக்குக் காலை ஷிஃப்டாம்." "அப்பா, சோப்பு தீர்ந்துபோச்சாம்." மருந்துக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வரும் பெண், வீட்டிலும் கவுன்டரில் நிற்கிற மாதிரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பாள்.

தட்டு பறந்த காலத்திலாவது, பறந்து முடிந்தால் ஒரு அமைதி வரும். அழுதுவிட்டுத் தரையைக் கூட்டிவிட்டுப் படுக்கலாம். இந்த மௌனத்துக்கு முடிவே கிடையாது. எப்போது முடியும், எதனால் ஆரம்பித்தது என்று நாமே குடைந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். எனக்கு அலுத்துவிட்டது. அடி வாங்கிக்கூட நான் இப்படி அலுத்ததில்லை. இப்படிச் சொல்வது தப்பு என்று தெரியும், ஆனாலும் அதுதான் உண்மை.

இவரை மட்டும் சொல்வானேன். விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னதை விட முடியாமல் ஒளித்து வைத்திருப்பவர்கள் எங்கள் சபையில் நிறைய. சிகரெட்டை விட்ட பாடகர் குழுத் தலைவரின் சட்டைப் பையில் எந்நேரமும் புதினா மிட்டாய் இருக்கும். பாட்டு இடைவேளையில் மதிலுக்குப் பின்னால் போய்விட்டு வருவார். அவரிடமிருந்து புதினாவும் புகையும் சேர்ந்து அடிக்கும். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. சாட்சி கெட்டுப்போகக் கூடாது பாருங்கள்.

இந்த முறை மௌனம் ஆரம்பித்தது ஒரு போன் அழைப்பில். சபைக் கட்டடத்தில் பெஞ்சுகளை இடம் மாற்றவேண்டும், சனிக்கிழமை அண்ணன் வருவாரா என்று பாஸ்டர் கேட்டார். இவர் குளித்துக்கொண்டிருந்தார். இடுப்பு வலிக்காக டாக்டர் இவரைக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்ததால், முடியாதுங்க பாஸ்டர் என்று நானே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரோ இளவட்டம் ஒன்று, "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று சிரித்தது. இவரும் சிரித்தார். சாந்தம் அண்ணன் ஆயிற்றே. வீட்டுப் படியேறியதும் வாயைப் பூட்டிக்கொண்டார்.

அந்த மௌனத்துக்கு நடுவில்தான் அழைப்பு வந்தது. பெரிய சபை ஒன்றில் குடும்பங்களுக்கான கூட்டம். சாந்தம் அண்ணன் வந்து சாட்சி சொல்லவேண்டும். ஒரு புதுமை என்னவென்றால், இந்த முறை மனைவியும் மேடையேறி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். பாஸ்டர் அதை ஆராதனை முடிவில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். இவர் எழுந்து கும்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

நான் துணி ஆல்டரேஷன் கடையில் வேலை பார்க்கிறேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, தரையெல்லாம் நூல் பிசிறு. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது. இடுப்பைத் தளர்த்த வருகிறவர்களில் ஒருவர்கூடத் தாம் பெருத்துவிட்டோம் என்று சொன்னதில்லை. துணி சுருங்கிவிட்டதாகத்தான் சொல்வார்கள். அந்த வாரம் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத் தலைவி அக்கா ஒரு ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். சோப்பை மாற்றினாராம், சுருங்கிவிட்டதாம். போட்டுக்கொண்டு நின்றார், நான் பக்கத் தையலைப் பிரித்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன்.

ஊசி குத்துகிற நேரத்திலேயே எனக்கு ஒத்திகை நடத்திவிட்டார். "ரொம்ப நீட்ட வேணாம். 'என் கணவருக்கு இப்ப கோபமே வர்றதில்ல, எங்க வீட்ல சமாதானம் இருக்கு.' அவ்வளவுதான். சொல்லிட்டு வந்து உக்காந்துடு."

"ஒருவேளை வந்தா, அக்கா?"

"எது?"

"கோபம்."

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வந்தாலும் வரலன்னுதான் சொல்லணும். அதான் விசுவாசம். சொல்லச் சொல்ல போயிடும்."

வாயில் குண்டூசி வைத்திருந்ததால் நான் பதில் பேசவில்லை. வைத்திருக்காவிட்டாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியாது. அக்கா கெட்டவர் இல்லை. நான் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்தவர்.

அந்த வாரம் முழுக்க மெஷினை மிதித்துக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். அந்த இரண்டு வாக்கியத்தை நான் சொல்ல முடியாது. என் முகத்தைச் சுவராகப் பார்க்கிற மனுஷனுக்குக் கோபமே வருவதில்லை என்று, கர்த்தர் பெயரைச் சொல்லி, எப்படிச் சொல்வது? சொல்லாமல் இருக்கவும் பயம். இந்தச் சாட்சியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிற்கிறார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். மைக்கில் சொன்ன வார்த்தைதான் அவர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. நான் அதை அவிழ்த்துவிட்டால், அவிழ்ந்த கை முதலில் எங்கே வந்து விழும்? என் மேல்தான். பொய் சொன்னால் எனக்கு நெஞ்சு ஆறாது, உண்மை சொன்னால் முதுகுக்கு உத்தரவாதமில்லை. ஜெபம் பண்ணிப் பார்த்தேன். ஆண்டவரே, நீரே ஒரு வழி காட்டும் என்று ஆரம்பித்துப் பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மகளுக்கு அன்று மருந்துக் கடையில் வேலை, தபால்காரி வீட்டில் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முன் அறையில் மேஜை போட்டு அவருடைய வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன். அவர் வந்து நின்று கையை நீட்டினார். சட்டையைக் கொடு என்று வாயால் சொல்லக்கூட மனசில்லை. கொடுத்தேன். போட்டுக்கொண்டார்.

"நான் வரல" என்றேன்.

பட்டனைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"கேட்டுச்சா? நான் வரல. உங்களுக்குக் கோபமே வர்றதில்லன்னு மேடையில நின்னு என்னால சொல்ல முடியாது. என்கிட்ட நீங்க பேசி எத்தனை நாள் ஆச்சு?"

பட்டன்கள் ஒன்று தள்ளிப் போய்க்கொண்டிருந்தன. கழுத்துவரை வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அவிழ்க்க ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டிருப்பது பொறுக்காமல் போயிருக்கவேண்டும், ஒரேயடியாகக் கத்தினார்.

"யாரைக் கேட்டு பாஸ்டர்கிட்ட முடியாதுன்னு சொன்ன? என்னைப் பாத்தா நோயாளியா தெரியுதா உனக்கு? சின்னப் பசங்க முன்னாடி என்னைக் கிழவனாக்கிட்டியே!"

பழைய குரல். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சொல்லும்போதே அவர் கை மேலே போனது. அடிக்க இல்லை. இப்போது நிதானமாக யோசித்தால், கத்துகிறவர்கள் எல்லோரும் கையை ஆட்டுவது மாதிரிதான் அதுவும். ஆனால் யோசிக்க எனக்கு நேரம் எங்கே இருந்தது? நான் சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையும் தலையை மூடிக்கொண்டன. நான் மூடவில்லை, அவையே மூடிக்கொண்டன. முழங்கை முகத்துக்கு முன்னால், முதுகு வளைந்து, எந்தப் பக்கம் விழுந்தாலும் தாங்குகிற மாதிரி. எல்லாம் பழகின வேலை.

ஒன்றும் விழவில்லை. சத்தமும் இல்லை. இஸ்திரிப் பெட்டி மட்டும் மேஜை மேல் சூடாகிக்கொண்டிருந்தது. முழங்கை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் அப்படியே நின்றிருந்தார், கை இன்னும் மேலேயே இருந்தது. அதைக் கீழே போடுவதா, எங்கே போடுவது என்று தெரியாதவர் மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக இறக்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"நான் அடிக்க வரல" என்றார்.

"தெரியும்."

"அப்பறம் ஏன்..."

"எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியல."

அவர் தரையில் உட்கார்ந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மேஜைக் காலில் சாய்ந்து. பாதி அவிழ்ந்த வெள்ளைச் சட்டை மடங்கிக் கசங்கியது. நான் எழுந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு எட்டத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பழக்கம் போய் எத்தனை வருஷம் ஆச்சு என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு ஆச்சு" என்றேன்.

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இது பூட்டிய வாய் இல்லை, சொல்ல ஒன்றும் இல்லாத வாய். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். இத்தனை மேடையில் என்னைக் காட்டிக் காட்டிப் பேசியவர், அன்றுதான் முதல் முறையாக என்னைப் பார்த்தார் என்று தோன்றியது. பார்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. முகம் அப்படி இருந்தது.

போன் அடித்தது. பாஸ்டர். கார் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள், புறப்பட்டாயிற்றா என்று கேட்கத்தான் இருக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுத்து, இதோ வந்துகொண்டிருக்கிறோம் பாஸ்டர் என்று அந்தச் சாந்தக் குரலில் சொல்வார், நானும் முகத்தைக் கழுவிக்கொண்டு பின்னால் போவேன், அவ்வளவுதான் நம் பிழைப்பு என்று நினைத்தேன். நினைத்ததும் எனக்கு எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் போயிற்று.

அவர் போனை எடுத்தார்.

"பாஸ்டர், நாங்க வரல. உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்குக் கோபம் வந்துடுச்சு." அந்தப் பக்கம் ஏதோ சிரிப்பு மாதிரி கேட்டது. "நெசமாத்தான். இப்பத்தான் கத்தினேன். இல்ல பாஸ்டர், அது போகல. எங்கயும் போகல. வெளிய தெரியாம வச்சிருந்தேன், அவ்வளவுதான்."

பாஸ்டர் நீளமாக ஏதோ பேசினார். ஏதோ போனில் பாஸ்டருக்குத் தெரிகிற மாதிரி இவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில், "ஜெபம் பண்ணுங்க. ஆனா சாட்சிக்கு வேற யாரையாவது கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னை மன்னிச்சுடு."

இந்த வார்த்தைக்காக நான் எத்தனை காலம் காத்துக்கிடந்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் கேட்பார், நான் அழுவேன், மன்னிச்சுட்டேங்க என்று சொல்வேன், அதோடு எல்லாம் கரைந்துபோகும் என்று மனசுக்குள் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இப்போது கேட்டுவிட்டார். உள்ளே தேடிப் பார்த்தேன், கொடுக்க ஒன்றும் கையில் இல்லை. வெறும் அசதிதான் இருந்தது. சபையில் வாய் கூசாமல் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றையாவது இல்லாததை இருப்பதாகச் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"இன்னிக்கு முடியலங்க" என்றேன்.

டிப்போவில் லீவு கேட்டு நிற்கிறவர் மாதிரி, "எப்பக் கேக்கட்டும்?" என்றார்.

"நாளைக்குக் கேட்டுப் பாருங்க."

சாயங்காலம் மகள் வந்தாள். பாதி வழியிலேயே அவளுக்குப் போனில் செய்தி போயிருக்கிறது. எங்கள் சபையில் செய்திக்குக் கால் அதிகம். செருப்பைக் கழற்றிக்கொண்டே எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன சொல்லவேண்டும், யாரிடம் சொல்லவேண்டும் என்றாள். ஒன்றும் சொல்லவேண்டாம், போய்ப் படு என்றார் அவர். அவள் நின்ற இடத்திலேயே அழுதாள்.

திங்கட்கிழமை தலைவி அக்கா ஜாக்கெட்டை வாங்க வந்தார். கூட்டத்தில் கடைசி நேரத்தில் பாடகர் குழுத் தலைவரை மேடையேற்றிச் சிகரெட் சாட்சி சொல்லவைத்தார்களாம், நன்றாக இருந்ததாம். ஜாக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டே, உங்கள் வீட்டுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறோம் என்றார். அவர் குரலில் பரிதாபம் இருந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒரு நல்ல சாட்சியைக் கெடுத்துவிட்டேன் அல்லவா. நன்றி அக்கா, ஜெபியுங்கள் என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை, எங்களுக்குத் தேவைதான்.

நான் சொன்னபடியே என் கணவர் திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் புறப்படும்போது மன்னிப்புக் கேட்டிருந்தார். நான் இல்லை என்றேன். செவ்வாய்க்கிழமையும் கேட்டார், இல்லை. புதன்கிழமை கேட்டபோது எனக்கே சங்கடமாக இருந்தது. ஒரு வார்த்தைதானே, கொடுத்துத் தொலைத்துவிடலாமே என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைப் பார்த்தேன், அது மன்னிப்பு இல்லை, அலுப்பு. விழுங்கிவிட்டேன்.

"இன்னும் இல்லங்க."

அவர் தாடை இறுகியது. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. கோபம், சுத்தமான கோபம், ஒளிவு மறைவு இல்லாமல் முகத்தில் நின்றது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். இதோ வாய் பூட்டிக்கொள்ளப்போகிறது என்று நான் உள்ளுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன், இந்த வாரமா, அடுத்த வாரம்வரையா என்று. என் மேலும் தப்பு, கொஞ்சம் இறங்கிப்போயிருக்கலாம் என்று மனசு வழக்கம்போல் அடித்துக்கொண்டது.

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலைப் பார்த்தார், திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்குக் கோபமாதான் இருக்கு" என்றார். பிறகு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து வண்டில ஒருத்தர் பூனையைக் கொண்டாந்துட்டாரு, கூடையில. டிக்கெட் எடுக்கணுமா வேணாமான்னு கண்டக்டருக்கும் அவருக்கும் சண்டை" என்றார்.

அவருக்குக் கதை சொல்ல வராது. மைக் இல்லாமல் சுத்தமாக வராது. வார்த்தை வார்த்தையாகப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார். தாடை இன்னும் இறுகித்தான் இருந்தது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, இரண்டு பேருக்கும்தான். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

"அப்பறம்?" என்று கேட்டேன்.